கனம்பண்ணுதலும் கைகொடுத்தலும்: படுக்கையுற்ற முதியோரும் சபைக் குருவானவரும்

சங்கரன்கோவிலில் விசைத்தறிகளின் ஓசை ஓயாது ஒலிக்கும் தெரு ஒன்றில், பல ஆண்டுகளுக்கு முன்னர், எண்பது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவருக்கு மாதந்தோறும் திருவிருந்து வழங்கிவந்தோம். பக்கவாதத்தினால் அவர் படுக்கையுற்றிருந்தார். நாம் செல்லும் வேளையில் அறை பெருக்கப்பட்டிருக்கும். வெளுத்த போர்வை கழுத்துவரை இழுத்து விடப்பட்டிருக்கும். பவுடரின் மணம் அறையெங்கும் நிறைந்திருக்கும். அதனைத் தூய்மையின் அடையாளமாகவே கொண்டோம். வேதபாகம் வாசித்து, ஜெபித்து, அப்பமும் ரசமும் வழங்கி, ஆசி கூறித் திரும்புவோம்.

ஒருமுறை, ஓய்வுபெற்ற செவிலியரான சபை அங்கத்தினர் ஒருவர் எம்முடன் வந்தார். ஜெபம் முடிந்ததும் எம்மை வெளித் திண்ணையில் அமரும்படி கூறிவிட்டு, அவர் மூதாட்டியை ஒருக்களித்துப் படுக்கவைத்துப் பார்த்தார். இடுப்பின் கீழே, உள்ளங்கை அகலத்திற்கு, எலும்பு தெரியுமளவிற்குப் புண் இருந்தது. பவுடரின் மணம் எதனை மறைத்துக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் விளங்கிற்று. மருமகளை நோக்கிக் கடிந்துரைக்க வாய் திறந்தோம். காலையில் சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, பகலெல்லாம் தறிக்குத் தார் சுற்றி, இரவில் கிழவிக்குப் பணிவிடை செய்துவந்த அப்பெண், தலை நிமிராமலே கூறினாள்: “தனியா என்னால ஆச்சியத் திருப்ப முடியல ஐயா. இன்னொரு கை பிடிச்சாத் திருப்பலாம். மாசாமாசம் வாறீங்க, யாரும் கேக்கலையே.”

மூன்று வாரங்களில் மூதாட்டி மரித்தார். அடக்க ஆராதனையில் அவருடைய பொறுமையைப் புகழ்ந்து பேசினோம். எம் திருப்பணி வாழ்வில் நாணத்தோடு நினைவுகூரும் பிரசங்கங்களுள் அது ஒன்று. அப்பெண்ணின் சொல்லே இக்கட்டுரைக்குத் தோற்றுவாயாகும்.

2011ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி, தமிழ்நாட்டு மக்களுள் 60 வயதைக் கடந்தோர் 10.4 விழுக்காட்டினர், அகில இந்திய அளவோ 8.6 விழுக்காடு. தமிழ்நாட்டில் இவ்விகிதம் 2031இல் 18 விழுக்காட்டைத் தாண்டும் என்பது மக்கள்தொகை வல்லுநரின் மதிப்பீடு. நம் சேகரங்களிலோ இதற்கு வேறொரு முகமும் உண்டு. திருநெல்வேலிச் சீமையின் கிறிஸ்தவ இல்லங்கள் தலைமுறை தலைமுறையாகச் செவிலியரை உருவாக்கி நாடெங்கும், கடல் கடந்தும் அனுப்பிவந்துள்ளன. அயல்நாட்டு முதியோரை நம் பெண்மக்கள் முறைப்படி புரட்டிப் படுக்கவைக்க, அவர்தம் பெற்றோர் ஊரில் புரட்டுவாரின்றிக் கிடக்கும் நிலை இன்று பல வீடுகளில் காணப்படுகிறது. ஆதலின், முதியோர் பணிவிடை மருத்துவருக்கு மட்டும் உரிய பொருளன்று. குருத்துவக் கல்வியிலும் இடம்பெறவேண்டிய பொருளாகும்.

1. ‘கனம்’ என்னும் சொல்

தாய் தகப்பனைக் கனம்பண்ணவேண்டும் என்னும் கற்பனையை (யாத். 20:12) நாம் பெரும்பாலும் ஓய்வுநாள் பள்ளிச் சிறுவருக்கே போதிக்கின்றோம். ஆயின் பத்துக் கற்பனைகள் முதன்முதலாக வளர்ந்தோரை நோக்கியே கூறப்பட்டன. வளர்ந்தோரின் பெற்றோர் முதியோர். எனவே, உழைக்கும் ஆற்றலை இழந்த பெற்றோரைக் காப்பதே இக்கற்பனையின் முதன்மையான பொருள் என்பதைப் பழைய ஏற்பாட்டு அறிஞர் பலரும் எடுத்துக்காட்டியுள்ளனர்.

இங்கே வரும் எபிரேயச் சொல்லின் வேர் ‘பாரமாயிருத்தல்’ என்னும் பொருளுடையது. நம் தமிழ் வேதாகமத்தின் ‘கனம்’ என்னும் சொல்லும் மதிப்பையும் பாரத்தையும் ஒருங்கே குறிப்பது கவனிக்கத்தக்கது. படுக்கையுற்ற தகப்பனைத் தூக்கி அமர்த்தியவர் இவ்விரு பொருளையும் தம் தோளிலே உணர்ந்திருப்பர். அவரது பாரத்தைத் தாங்காமல் அவரை மதிப்பதாகச் சொல்லுதல் வெறும் சொல்லாகவே நின்றுவிடும்.

ஆண்டவர் கொர்பானைக் குறித்துக் கூறிய கண்டனம் (மாற்கு 7:9–13) இவ்விடத்திலேதான் கூர்மை பெறுகிறது. பெற்றோருக்குச் சேரவேண்டியதைத் தேவனுக்கென்று அர்ப்பணித்துவிட்டதாகச் சொல்லித் தப்பித்துக்கொள்ளுதலை அவர் கண்டித்தார். ஆலயக் கட்டட நிதிக்குப் பெருந்தொகை அளித்த குடும்பத்தின் பெயரைக் கல்லில் பொறிக்கும் நாம், அவ்வீட்டின் பின்னறையில் கிடப்பவர் நிலை யாது என்று விசாரித்ததுண்டா? கொர்பான் காணிக்கையைப் பெற்றுக்கொண்டவர்களும் அக்குற்றத்தில் பங்குடையவர்களே.

2. மூப்பைத் திருமறை காணும் விதம்

திருமறை மூப்பைப் பொன்மயமாக்கிக் காட்டுவதில்லை. ஈசாக்கின் கண்கள் மங்குகின்றன. தாவீதரசருக்கு எத்தனை வஸ்திரம் போர்த்தியும் அனல் உண்டாகவில்லை. தொண்ணூற்றெட்டு வயதான ஏலி ஆசனத்தினின்று மல்லாந்து விழுந்து பிடரி முறிந்து மரிக்கிறார். எண்பது வயதான பர்சிலா, உணவின் ருசியும் பாடகரின் சத்தமும் தமக்குத் தெரியாமற் போனதைத் தாமே எடுத்துரைத்து, அரசருக்குப் பாரமாக வர மறுக்கிறார் (2 சாமு. 19:31–37). பார்வைக் குறைவு, உடற்சூடு காக்கும் ஆற்றலின் குறைவு, விழுதல், சுவையும் செவியும் மங்குதல் ஆகியவை இன்றைய முதியோர் மருத்துவ நூல்களிலும் முதல் அதிகாரங்களில் இடம்பெறுவன.

உயிர்த்தெழுந்த ஆண்டவர் பேதுருவுக்குக் கூறியது (யோவான் 21:18) மேலும் சிந்திக்கத்தக்கது. வயது முதிர்ந்தபின் வேறொருவர் அவருக்கு அரைக்கட்டி, அவருக்கு விருப்பமில்லாத இடத்திற்குக் கொண்டுபோவார் என்றார். நற்செய்தியாளர் இதனைப் பேதுருவின் மரணத்தோடு பொருத்துகிறார். ஆயினும் அச்சொற்கள் தீட்டும் உருவம், பிறர் கையால் உடுத்தப்படும் ஒரு முதியவரின் உருவமே. இந்த நிலையினூடாகவும் தேவன் மகிமைப்படக்கூடும் என்றால், உடுத்துகிறவரின் கைகள் எத்தன்மையனவாயிருக்கவேண்டும்!

3. சந்திப்பின்போது கண்டறிய வேண்டியவை

குருவானவர் மருத்துவராக வேண்டியதில்லை. ஆயின் மாதந்தோறும் அவ்வறைக்குள் நுழையும் வெளியார் பெரும்பாலும் அவர் ஒருவரே. எனவே சில அடையாளங்களை அவர் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

(அ) தோல்: அசையாமல் கிடப்பவரின் உடற்பாரம் இடுப்பின் கீழ்ப்பகுதி, இடுப்பெலும்பின் பக்கங்கள், குதிகால், தோள்பட்டை, பிடரி ஆகிய இடங்களில் அழுந்துகிறது. அழுந்திய இடத்திற்கு இரத்த ஓட்டம் தடைப்படச் சில மணி நேரத்திலேயே திசு அழியத் தொடங்கும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தும் வெளுக்காவிடில், அதுவே புண்ணின் முதல் நிலை. நம் மக்களின் கருநிறத் தோலில் சிவப்பு புலப்படாமற் போகலாம். அவ்விடம் சுற்றிலுமுள்ள தோலினும் கருத்தோ, வெதுவெதுப்பாகவோ, கடினமாகவோ இருக்கும். இதற்குப் பவுடர் மருந்தன்று. சிவந்த இடத்தைத் தேய்த்து விடுதலும் தீங்கே. இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைத்தல், ஈரமின்றித் துணி மாற்றுதல், முழங்கால்களுக்கிடையே தலையணை வைத்தல், குதிகால் படுக்கையில் படாதபடி காலின் கீழ்ப்புறம் தாங்கு கொடுத்தல், முட்டை, பருப்பு, பால் முதலிய புரத உணவைக் கொடுத்தல் ஆகியவையே பரிகாரம். காற்றுமெத்தை உதவும், ஆயின் புரட்டும் கைக்கு அது ஈடாகாது.

(ஆ) நீர்: முதுமையில் தாகவுணர்வு மழுங்கிவிடுகிறது. அதற்கு மேலாக, சிறுநீர் கழிக்கப் பிறர் உதவியை நாடவேண்டுமே என்னும் கூச்சத்தினால் பலர் நீர் அருந்துவதையே குறைத்துக்கொள்கின்றனர். மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, மயக்கம் ஆகியவை இதன் விளைவுகள். மருத்துவர் நீரளவைக் கட்டுப்படுத்தியிருந்தாலன்றி, கேளாமலே சிறிது சிறிதாகக் கொடுத்துவரவேண்டும். படுக்கையருகே செம்பு எட்டும் தூரத்தில் உள்ளதா என்று பார்ப்பதும் ஆத்தும விசாரணையின் ஒரு பகுதியே.

(இ) திடீர்க் குழப்பம்: நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று ஆளை அறியாமல் பிதற்றினால், இல்லாதவற்றைக் காண்பதாகக் கூறினால், வீட்டார் முதலில் குருவானவரையோ ஜெபக்குழுவையோ அழைப்பதுண்டு. அசுத்த ஆவியென்று கருதி இரவு முழுவதும் ஜெபிப்போரும் உளர். ஆயின் முதியோரிடம் இத்தகைய திடீர் மாற்றம் பெரும்பாலும் சிறுநீர்த் தொற்று, நுரையீரல் அழற்சி, இரத்தத்தில் உப்போ சர்க்கரையோ குறைதல், மருந்தின் விளைவு ஆகியவற்றின் அடையாளமாகும். காய்ச்சல் இல்லாமலே நோய்த்தொற்று முற்றியிருக்கக்கூடும். ஜெபிப்போம், அதே வேளையில் மருத்துவமனைக்கு ஊர்தியையும் அழைப்போம். மாதங்களும் ஆண்டுகளுமாக மெல்ல வளரும் மறதிநோய் வேறு. அது மூளையின் நோய். ‘மூப்பின் இயல்பு’ என்றோ ‘பாவத்தின் பலன்’ என்றோ அதனை ஒதுக்குதல் தகாது.

(ஈ) விழுதல்: ஈரமான குளியலறை, இருண்ட நடை, உயர்ந்த வாசற்படி, எழுந்தவுடன் தாழும் இரத்த அழுத்தம் ஆகியவற்றால் முதியோர் விழுகின்றனர். ஒரு முறை விழுதல் எஞ்சிய வாழ்நாளையே மாற்றிவிடலாம். டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931ஆம் ஆண்டு அக்டோபரில், தம் 63ஆம் வயதில், களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து காலெலும்பு முறிந்தார். அதன்பின் 1951 சனவரியில் மரிக்கும்வரை, ஏறத்தாழ இருபது ஆண்டுகள், பெரும்பாலும் தம் அறையிலேயே முடங்கியிருந்தார். அக்காலத்தில் நோயுற்றோருக்காக நோயுற்றவராகவே நூல்கள் எழுதினார். அவருடைய விசுவாசத்தை நாம் பெரிதும் பேசுகின்றோம். அந்த இருபது ஆண்டுகளும் அவருக்குப் பணிவிடை செய்த டோனாவூர்ப் பெண்களின் கைகளைக் குறித்து அத்துணை பேசுவதில்லை. சுவரில் பிடிமானக் கம்பி, இரவு விளக்கு, வழுக்காத தரை என்னும் இம்மூன்றும் சிறு செலவில் அமைக்கத்தக்கவை.

(உ) மருந்தும் உபவாசமும்: நீரிழிவு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்ளும் முதியவர் உணவைக் குறைத்தால் இரத்தச் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடும். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம், மயக்கம் ஆகியவை அதன் அடையாளங்கள். லெந்து நாட்களிலும் உபவாச ஜெபக் கூட்டங்களிலும் இத்தகையோர் உணவு விடுத்தல் ஆகாதென்று குருவானவரே பீடத்திலிருந்து அறிவிக்கவேண்டும். மருத்துவர் தடுத்தால் அவிசுவாசம் என்பர். குருவானவர் தடுத்தால் கேட்பர். மருத்துவர் எழுதித் தராத வலி மாத்திரைகளைக் கடையில் வாங்கி நெடுங்காலம் விழுங்குதல் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதையும் சொல்லிவைத்தல் நலம்.

4. திருவிருந்து வழங்கும்போது

பக்கவாதத்தினாலோ மறதிநோயினாலோ விழுங்கும் ஆற்றல் குன்றியோர்க்கு, உலர்ந்த அப்பத்துண்டும் மல்லாந்து படுத்த நிலையில் ஊற்றப்படும் ரசமும் ஆபத்தானவை. உணவு மூச்சுக்குழலில் நுழைந்தால் நுரையீரல் அழற்சி உண்டாகும். எனவே முதலில் முதுகுக்குத் தாங்கு கொடுத்து நிமிர்த்தி அமர்த்துக. மோவாய் சற்றுத் தாழ்ந்திருக்கட்டும். மிகச் சிறிய துண்டை ரசத்தில் நனைத்து மென்மையாக்கித் தேக்கரண்டியால் கொடுக்கலாம். விழுங்கியதை உறுதிசெய்துகொண்ட பின்னரே ஆசி கூறுக. அரைமணி நேரம் படுக்கவைக்கவேண்டாமென வீட்டாரிடம் சொல்லுக. நீர் பருகும்போதே இருமிப் புரைக்கேறுபவராயின், மருத்துவரின் ஆலோசனையின்றி எதனையும் வாயில் இடவேண்டாம். உட்கொள்ள இயலாத நோயாளியும் விசுவாசத்தினால் கிறிஸ்துவின் சரீரத்திலும் இரத்தத்திலும் பங்குபெறுகிறார் என்பது நம் ஆராதனை மரபு அறிந்த உபதேசமே.

செவி மங்கியவரிடம் உரக்கக் கத்துதல் பயனற்றது. ஒளி நம் முகத்தில் படும்படி எதிரே அமர்ந்து, நிறுத்தி நிதானமாகப் பேசவேண்டும். நினைவிழந்தோரும் சிறுவயதில் மனனம் செய்த கர்த்தருடைய ஜெபத்தையும் பழைய ஞானப்பாட்டுகளையும் உடன் சேர்ந்து சொல்லுவதைப் பலமுறை கண்டுள்ளோம். ஆகவே புதிதாக ஜெபம் கட்டுவதை விட்டு, அவர்கள் அறிந்தவற்றையே சொல்லுதல் நலம்.

5. பணிவிடை செய்பவரைக் காத்தல்

நமக்கு வடக்கே அண்டையிலுள்ள விருதுநகர் மாவட்டத்தில், 2010ஆம் ஆண்டு, எண்பது வயது முதியவர் ஒருவர் தமக்குத் ‘தலைக்கூத்தல்’ நேரவிருப்பதை அறிந்து, வீட்டினின்று தப்பி உறவினரிடம் அடைக்கலம் புகுந்தார் என்னும் செய்தி வெளியாயிற்று. அதுகாறும் காதோடு காதாகப் பேசப்பட்ட கொடுவழக்கம் அப்போது நாடறியத் தெரிந்தது. முதியோரைச் சடங்கின் பெயரால் சாகச்செய்தல் சட்டத்தின்முன் கொலையே. தேவனுடைய கற்பனையின்முன்னும் கொலையே. இதில் இரு கருத்துக்கு இடமில்லை.

ஆயினும் கண்டனத்தோடு நின்றுவிடுதல் குருத்துவப் பணியாகாது. முதியவரைக் கைவிடுதல் ஒரே நாளில் நிகழ்வதன்று. இன்று திருப்பிப் படுக்கவைக்க ஆளில்லை. நாளை மாத்திரை வாங்கப் பணமில்லை. பின்னர், ‘இத்தனை வேதனைக்கு உணவைக் குறைப்பதே இரக்கம்’ என்று அண்டைவீட்டார் சொல்லுவர். படிப்படியாக இறங்கும் அப்பாதையின் முதற்படியில் நிற்பவர் இரவெல்லாம் விழித்த ஒரு மகளோ மருமகளோ ஆவார். அவளுக்கு உறக்கம் கிடைக்கச் செய்தால் முதியவரின் உயிர் காக்கப்படும். “ஆச்சி எப்படி இருக்கிறார்கள்?” என்று கேட்ட பின்னர், “நீ எப்படியம்மா இருக்கிறாய்? நேற்றிரவு எத்தனை மணி நேரம் உறங்கினாய்?” என்றும் கேட்க நாம் பழகவேண்டும். முதுகுவலி, அழுகை, அடங்காச் சினம் ஆகியவை அவளிடம் காணப்படின், அவை குணக்கேடென்று கொள்ளாது களைப்பின் அடையாளங்களாகக் கொள்ளத்தக்கவை.

6. சபை செய்யத்தக்கவை

முதலாவதாக, ஒவ்வொரு சேகரத்திலும் படுக்கையுற்றோர் பட்டியல் ஒன்று இருக்கவேண்டும். அதில் முதியவர் பெயருக்கு எதிரே பணிவிடை செய்பவர் பெயரும் எழுதப்படவேண்டும்.

இரண்டாவதாக, ஓய்வுபெற்ற செவிலியர் சபைகளில் பலருளர். பெண்கள் ஐக்கிய சங்கத்தின் வாயிலாக, நான்கைந்து பேர் புரட்டுதல், தோல் பார்த்தல், உணவூட்டுதல் ஆகியவற்றை அவரிடம் கற்றுக்கொள்ளலாம். ஆண் குருவானவர் தாமே போர்வையை நீக்கிப் பார்த்தல் முறையன்று. உடன் வருபவர் பார்ப்பார். வாரத்தில் ஒரு பிற்பகல் இருவர் சென்று அமர்ந்தால், வீட்டுப்பெண் உறங்கலாம், அல்லது ஆலயத்திற்கு வரலாம். அண்டை மாநிலமாகிய கேரளத்தில், 1993இல் கோழிக்கோட்டில் மருத்துவர் சிலர் தொடங்கிய வலிதணிப்புப் பணி, பின்னர் ஊரார் தாமே பயிற்சி பெற்று அயலாரின் வீடு தேடிச் செல்லும் பேரியக்கமாக வளர்ந்தது. ஜாதி, மத வேறுபாடின்றி அங்கு நடப்பது, அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்துப் பந்தி விசாரணையின் வழித்தோன்றலாகிய நமக்கு அந்நியமானதன்று.

மூன்றாவதாக, அரசின் உதவிகளை அறிந்து சொல்லவேண்டும். 2021 ஆகஸ்டு 5 அன்று தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றிற்கான மருந்தையும், இயன்முறைச் சிகிச்சையையும், வலிதணிப்புச் செவிலியரின் பணியையும் வீட்டிற்கே கொண்டுசெல்ல வகுக்கப்பட்டது. நம் பட்டியலில் உள்ளோர் பெயர் அண்மையிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவாகியுள்ளதா என்று விசாரித்தல் சபை ஊழியரின் கடமையாகலாம். 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி, பராமரிப்பு மறுக்கப்பட்ட பெற்றோர் வருவாய்க் கோட்டாட்சியரை நாடி மாதப் பராமரிப்புத் தொகை பெறலாம். 2019இல் தென்காசி மாவட்டம் அமைந்தபின் சங்கரன்கோவிலும் ஒரு வருவாய்க் கோட்டத்தின் தலைமையிடமாயிற்று. ஆயினும் சட்டம் பணத்தைத்தான் வாங்கித் தரும். இரவு இரண்டு மணிக்குப் புரட்டிப் படுக்கவைக்கும் கையை அது வாங்கித் தராது.

முடிவுரை

விசுவாசி தன் வீட்டாரிடத்தில் பக்தியைக் காட்டக் கற்றுக்கொள்ளவேண்டும் என்று பவுல் அப்போஸ்தலர் தீமோத்தேயுவுக்கு எழுதினார் (1 தீமோ. 5:4). அவர் ‘கற்றுக்கொள்ளுதல்’ என்பதையே கூறுகிறார். அன்பு இயல்பாக வரலாம். புரட்டிப் படுக்கவைக்கும் முறையைக் கற்றே அறியவேண்டும். இறையியல் மாணவர் திருவிருந்தின் உபதேச வரலாற்றை நன்கு பயின்று தேறுகின்றனர். நோயாளியை நிமிர்த்தி அமர்த்தி அதனைக் கொடுக்கும் முறையையும் பயின்று வெளிவருவாராயின் பயிற்சி நிறைவுறும்.

அந்த விசைத்தறித் தெருவிற்கு நாம் இன்றும் செல்வதுண்டு. இப்போது திருவிருந்துப் பெட்டியை ஏந்தி நாம் தனியே செல்வதில்லை. உடன் ஒருவர் வருகிறார். ஜெபம் முடிந்தபின், “கொஞ்சம் கை பிடிக்கட்டுமா?” என்று அவர் வீட்டாரிடம் கேட்கிறார். இதுவரை எந்த வீட்டிலும் வேண்டாமென்று சொல்லக் கேட்டதில்லை.